கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்

ஓய்வு பெற்றவளுக்கு வேலை இருக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மருமகன், கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், நெற்றியில் கட்டுகிற பட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படி ஏறினார். அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், மனசு அமைதியாக இருக்கும்போது கைபேசியில் குருவி கூவுமாம்.

"அக்கா, எனக்க மாமியாருக்குக் கூவுது. பிள்ளைக்குக் கூவுது. எனக்கு மட்டும் கூவ மாட்டங்கு. மெசினு கேடா, எனக்க மூளை கேடா?"

குருவி கூவவில்லை என்ற கோபத்தில் அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. கோபத்தை விட்டால் கூவும் என்றேன். "கோவத்த விடத்தான அக்கா இத வாங்கினேன்" என்றார். அவரை அனுப்பிவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

அதே வாரம் ஷைனி பேசினாள். ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். இந்த மாதிரிப் பட்டைகளை வாங்கியவர்கள் அங்கேயும் வந்து அவளைத் துளைக்கிறார்களாம். நினைப்பை மாற்றினால் மூளை மாறுமா, மனசில் உள்ளது மெஷினில் தெரியுமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. "நீங்க என்ன பதில் சொல்லுவிய அக்கா?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்கிற பதில் இல்லை அது. அதனால்தான் அவளுக்காக எழுத உட்கார்ந்தேன்.

நான் காலமெல்லாம் ஈ.ஈ.ஜி. எடுத்தவள். தலையில் சின்னச் சின்ன உலோகப் பித்தான்களை ஒட்டி, மூளையிலிருந்து வருகிற மெல்லிய மின் அலைகளைக் காகிதத்தில் வரைந்தெடுக்கிற வேலை. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எப்படியோ அப்படி மூளைக்கு இது. ஆனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இதற்கு வைத்திருந்த பெயர் 'தலைக்குக் கரண்டு வைக்கிறது'. அருமனையிலிருந்து வந்த ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவர் கட்டிலில் படுத்த பிறகு, கரண்டு வைப்பதற்கு முன்னால் தன் மனைவியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். "நாங்க கரண்டு வைக்கல்ல அண்ணாச்சி. ஒங்க தலையில இருந்து வாறதத்தான் இந்த மெசினு வாங்குது" என்றேன். "எனக்க தலையில கரண்டா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவரைத் திரும்பப் படுக்கவைக்க அந்த மனைவியே வரவேண்டியிருந்தது.

படிப்பு திருவனந்தபுரத்தில். அதில் எழுத அதிகம் இல்லை. மலையாளத்தில் திட்டு வாங்கி, தமிழில் அழுது, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினேன். பிறகு கோட்டாற்றுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். தக்கலையிலிருந்து காலை பஸ், மாலை பஸ். ஓய்வு பெறும்வரை அந்த ஒரே அறைதான்.

வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. முந்தின நாள் தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வோம். வருவார்கள், எண்ணெய் வழிய. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள், தலை பறக்க எப்படிப் போவது என்று அவர்களுக்கு. தேங்காய் விளைகிற ஊரில் எண்ணெய் தேய்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நான் முகம் கழுவும் தொட்டியில் தலையைக் குனியவைத்து ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவேன். பிறகு மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை நாடா வைத்து அளப்பது, காதுக்குக் காது அளப்பது, பென்சிலால் புள்ளி வைப்பது, முடியை வகிர்ந்து தோலைத் தேய்த்துப் பசை வைத்துப் பித்தானை ஒட்டுவது. இதில் அவசரப்பட்டால் எல்லாம் கெட்டது. ஒரு விரல்கடை தள்ளி ஒட்டினாலும் அலை பொய் சொல்லும்.

அந்தக் காலத்தில் எங்களுடையது பேனா மெஷின். வரிசையாக மெல்லிய பேனாக்கள், கீழே ஓடிக்கொண்டே இருக்கும் காகிதம். நோயாளி கண்ணை மூடி, உடம்பு தளர்ந்து, மனசு எதையும் பிடித்துக்கொள்ளாமல் இருந்தால், பின்மண்டைப் பேனாக்கள் ஒரே சீராக ஏறி இறங்கும். ஆல்ஃபா என்போம். கண்ணைத் திறந்தால் அது போய்விடும். கண் மூடியே இருந்தாலும் கணக்குப் போட்டால், பயந்தால், எதையாவது எண்ணிப் பதறினால், அப்போதும் அனேகமாகப் போய்விடும். கோடு சிறுத்து, குறுகுறுவென்று ஓடும். பல்லைக் கடித்தால் காதுப் பக்கத்துப் பேனாக்கள் கறுப்பாகக் கிறுக்கும், அது மூளை அல்ல, தாடைத் தசை. அவற்றைத் தாடைப் பேனாக்கள் என்போம். வலிப்பு நோயின் அலை வேறு, அதற்குத் தனி முகம் உண்டு. காகிதம் ஓட ஓட, நோயாளி என்ன செய்தார் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வருவது என் வேலை. கண் மூடினார், இருமினார், எச்சில் விழுங்கினார் என்று.

எங்கள் நரம்பியல் மருத்துவருக்குத் தாணு என்று பெயர். நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊர்க்காரர். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆள் கிடையாது. அவருக்கு ஆகாத ஒரு சொல் உண்டு. எங்கள் ஜனங்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டால், "ஒரு மாதிரி இருக்கு சார்" என்பார்கள். தலைவலிக்கும் அதுதான், மகன் வீட்டை விட்டுப் போனதற்கும் அதுதான். மற்ற டாக்டர்கள் தலையை ஆட்டிவிட்டு மருந்து எழுதுவார்கள். இவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "என்ன மாதிரி?" என்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். வெளியே வரிசை நீளும், நர்ஸ் வந்து எட்டிப் பார்ப்பாள், இவர் அசைய மாட்டார். "வெப்ராளமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், பதற்றம் என்று எழுத மாட்டார். வெப்ராளம் என்றே எழுதுவார். "அவரு சொன்ன வார்த்தைய மாத்த நான் யாரு?" என்பார். எனக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. தக்கலை பஸ்ஸுக்கு நேரமாகும்போது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் அறைச் சுவரில் அவர் தம் கையால் எழுதித் தொங்கவிட்ட அட்டை ஒன்று இருந்தது. நோயாளியிடம் நாங்கள் சொல்ல வேண்டிய வாசகம். 'கண்களை மூடிக்கொள்ளுங்கள். உடம்பைத் தளர விடுங்கள். கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.' வயல்காட்டுக்காரருக்குக் கடற்கரை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள், கடலைப் பொட்டலம். அருமனைக்காரர்களுக்கும் தக்கலைக்காரர்களுக்கும் அப்படித்தான். சொன்னவுடன் முகம் இளகும், ஆல்ஃபா வரும். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, எனக்கு அது வாயில் தானாக வரும் ஜெபம்போல ஆகிவிட்டது.

ஒருமுறை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். கடற்கரை சொன்னேன், காற்று சொன்னேன், ஆல்ஃபா வரவே இல்லை. தாடைப் பேனாக்கள் இரண்டும் கறுத்துக்கொண்டே இருந்தன. டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்தார்.

"சாரே, கண்ண மூடிட்டு யாருகூட சண்ட போடுதீரு?"

தலைமையாசிரியர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "எனக்க சம்மந்திகூட. இதுல அதுவும் தெரியுமா?"

"சம்மந்தியெல்லாம் இதுல தெரியாது. நீரு பல்லக் கடிக்கது தெரியுது. சண்டைய நிறுத்த வேண்டாம். இப்பம் மனசுல இருக்கது என்னவாக்கும், அதுக்கு ஒரு பேரு மட்டும் சொல்லும்."

அவர் யோசித்தார். "கோவம்" என்றார். பிறகு, "கோவம்கூட இல்ல டாக்டரே. கல்யாணப் பந்தியில என்னய அவரு கவனிக்கல்ல. குறைச்சலாப் போச்சு, அதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மறுபடி கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் பின்மண்டைப் பேனாக்கள் சீராக ஏறி இறங்கத் தொடங்கின. டாக்டர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்டதற்கு, "ஒருத்தருக்க காகிதத்த வச்சு ஒண்ணும் சொல்லப்பிடாது கிரேஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

சுனாமி வந்துபோன இரண்டாம் வருஷம் செலின் வந்தாள். கடற்கரைக் கிராமத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் ஜெரோம் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். சுனாமிக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. கை கால் வெட்டும், முதுகு வளையும், கூப்பிட்டால் கேட்காது. பல இடத்தில் பார்த்து மூன்று வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மயக்கத்தில் நாக்குக் குழறியது. வலிப்பு மட்டும் குறையவில்லை.

நான் அவள் தலையை அளந்துகொண்டிருக்கும்போது மெல்லிய குரலில் கேட்டாள்.

"சிஸ்டர், இதுல நல்லதா வந்தா எனக்க பிள்ளைய எனக்குத் தருவாவளா?"

விசாரித்தேன். ஒரே மகள் மெர்லின். நான்கு வயது. பிள்ளையைக் கையில் எடுத்தால்தான் பெரும்பாலும் வலிப்பு வருகிறது. ஒருமுறை பிள்ளையோடு விழுந்து, பிள்ளைக்கு நெற்றியில் காயம். அதோடு ஜெரோமின் அக்கா, அருமனையில் வாழ்க்கைப்பட்டவள், குழந்தையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. நல்லவள்தான், செலினே அப்படித்தான் சொன்னாள். இந்த டெஸ்டிலும் வலிப்பு நோய் என்றே வந்தால், வருகிற ஜூனில் அருமனையிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். பிறகு பிள்ளை அங்கேதான். "அவ இப்பமே மாமிய அம்மான்னு கூப்பிடுதா சிஸ்டர்" என்றாள். எனக்கும் பிள்ளைகள் உண்டு. பித்தானைச் சரியாக ஒட்டுகிறேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

படுக்கவைத்தேன். காகிதம் ஓடத் தொடங்கியது. அலை மோசமில்லை. மாத்திரை மந்தம் தெரிந்தது, அவ்வளவுதான். டாக்டர் உள்ளே வந்து நின்றார். நான் வழக்கம்போல அட்டையில் இருந்ததைச் சொன்னேன். கண்ணை மூடு, உடம்பைத் தளர விடு, கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு இருப்பதாக நினை.

சொல்லி முடிப்பதற்குள் ஆல்ஃபா அற்றுப்போனது. கோடு நூல்போலச் சிறுத்தது. பிறகு எல்லாப் பேனாக்களும் ஒன்றாகக் கிறுக்கின. செலின் முதுகை வளைத்துக் கட்டிலில் துள்ளினாள். நான் அவள் விழாமல் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து ஜெரோம் ஓடிவந்து, "ஏட்டி, செலினே" என்று கூப்பிட்டான். டாக்டர் அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், குனிந்து அவள் இமையை விரலால் திறக்கப் பார்த்தார். அவள் இறுக மூடிக்கொண்டாள். "மெசின நிறுத்தாத கிரேஸ்" என்றார்.

துள்ளல் அடங்கிய இடத்தைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார். இந்த மாதிரிப் பெரிய வலிப்பு என்றால், அடங்கிய பிறகு மூளை களைத்துக் கிடக்கும், அலை பெரிதாக, மந்தமாக ஆடும். இவளுக்கு அப்படி இல்லை. பேனாக்கள் கறுத்து ஓய்ந்ததும் அடுத்த நொடியே ஆல்ஃபா சீராக வந்து நின்றது. நடுவிலும் தசையின் கிறுக்கல்தான், வலிப்பின் முகம் எங்கும் இல்லை.

செலினைத் தூங்கவிட்டு டாக்டர் ஜெரோமை வராந்தாவில் உட்காரவைத்துப் பேசினார். இது நாம் நினைக்கிற வலிப்பு நோய் இல்லை என்றுதான் தெரிகிறது, இன்னும் ஒருமுறை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார். ஜெரோமின் முகம் இருண்டது.

"அப்பம் இவ்வளவு நாளும் நடிச்சிட்டா இருந்தா?"

"நீரு அழுதிருக்கீரா?"

"பின்ன அழாம? சுனாமியில எத்தன பேர அடக்கம் பண்ணுனோம்."

"கண்ணீரு நீரு வரவச்சு வந்துதா, அதுவா வந்துதா?"

"அதுவாத்தான் வந்துது" என்றான் ஜெரோம்.

"அது மாதிரியாக்கும் இதுவும். மனசுல இருக்கது ஒடம்பு வழியா வருது. அவளுக்க கையில இல்ல. நடிப்புன்னு இனி ஒருக்கா சொல்லாதீரும், கேட்டீரா?"

பிறகு டாக்டர் என் அறைக்குள் வந்து அந்த அட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊருல பாதிப் பேரு கடலுக்குப் பக்கத்துல இருக்கான். நான் வயல்ல இருந்துட்டு எழுதியிருக்கேன்" என்றார். அட்டையை இரண்டாக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். அடுத்த முறை மெர்லினையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஜெரோமிடம் சொல்லியனுப்பினார்.

அடுத்த முறை வந்தார்கள். நாத்தனார் வராமல் ஜெரோமிடம் பிள்ளையைக் கொடுத்தனுப்பியிருந்தாள். மெர்லின் என் மெஷினைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இத்தன பேனா? யாரு எழுதுதா?" என்று கேட்டாள். "ஒனக்க அம்மைதான்" என்றேன். செலினைப் படுக்கவைக்காமல் சாய்ந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். பித்தான்களை ஒட்டி முடித்த பிறகு டாக்டர், பிள்ளையை மடியில் வைக்கச் சொன்னார். ஜெரோம் தயங்கினான். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

பிள்ளை மடிக்கு வந்ததும் கோடு சிறுத்துவிட்டது. செலினின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

"ஒரு மாதிரி இருக்கு சார்."

"என்ன மாதிரி?"

அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "வாயால சொல்லாண்டாம். கண்ண மூடு. வாறத தள்ளாத, அது எங்க நிக்குன்னு பாரு. நெஞ்சுலயா, தொண்டையிலயா. பாத்துட்டு அதுக்கு ஒரு பேரு தேடு. பயம்னு எல்லாரும் ஒனக்குச் சொல்லித் தந்திருப்பாவ. அதுதானான்னு பாரு. இல்லன்னா வேற தேடு. கிடைச்சா விரலத் தூக்கு. எனக்கிட்ட சொல்லாண்டாம்."

அறையில் பேனாக்களின் சத்தம் மட்டும். தாடைப் பேனாக்கள் கறுக்கத் தொடங்கின. கால் விரல்கள் மடங்கின. வந்துவிடும் என்று நினைத்து நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். ஜெரோம் பிள்ளையைத் தூக்கக் குனிந்தான். டாக்டர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார். அவரும் பந்தயம் கட்டித்தான் நின்றார்.

பிறகு தாடை விட்டது. முதலில் வலப்பக்கப் பேனா வெளுத்தது, பின்பு இடப்பக்கம். கோடு இன்னும் சிறிதாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால், பின்மண்டைப் பேனாவில் ஒரு சின்ன அலை எழும்பி மறைந்தது. மறுபடி ஒன்று. மூன்றாவதாக வந்தது போகவில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பக்கத்துப் பேனாவுக்கும் பரவியது. ஆல்ஃபா வந்து நின்ற பிறகுதான் செலின் விரலைத் தூக்கினாள்.

விரலைத் தூக்கினால் ஓரத்தில் எழுத வேண்டும் என்பதுகூட எனக்கு நினைவில்லை. டாக்டர் என் பென்சிலை வாங்கி அவரே எழுதினார்.

என்ன பெயர் என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும்போலத் துடித்தது. அவள் கண்ணைத் திறந்து, பிள்ளையின் தலையில் மோவாயை வைத்துக்கொண்டு, தானாகவே சொன்னாள்.

"பயம் இல்ல சார். சந்தோசம்."

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணைக்கு நான் இவள எடுத்துட்டு ஓடிக் கோயில் மேட்டுல ஏறிட்டேன். பக்கத்து வீட்டு ரெஜினாவுக்கு ரெண்டு பிள்ளையளும் போச்சு. அவ மண்ணுல கிடந்து கதறுதா. நான் இவளுக்க கையத் தொட்டுப் பாக்கேன், காலத் தொட்டுப் பாக்கேன். எல்லாம் இருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு சார். சிரிச்சிட்டேன். ரெஜினா நிமிந்து பாத்தா." பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டாள். "சாமியாருக்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட நான் இதச் சொல்லல்ல. பிள்ளையத் தூக்குனா அந்தச் சிரிப்பு வாறது மாதிரி இருக்கும். ஒடனே எல்லாம் இருட்டும்."

ஜெரோம் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இதுக்காட்டியா நீ இவ்வளவு பாடும் பட்ட?" என்றான். மெர்லினோ, "அம்மைக்க தலையில என்ன இத்தன பொட்டு?" என்று ஒரு பித்தானைப் பிய்த்துவிட்டாள். பேனா தாறுமாறாக ஓடியது. எல்லோரும் அதைச் சாக்காக வைத்துச் சிரித்தோம், அழுதோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மாத்திரைகளை டாக்டர் ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் குறைத்தார். நடுவில் இரண்டு மூன்று தரம் வந்தது. மனநல மருத்துவர் ஒருவரிடம் அவளைத் தொடர்ந்து அனுப்பினார். ஆனால் செலினுக்கு இப்போது ஒரு வழி தெரிந்திருந்தது. வருகிறது என்று தெரிந்தால் உட்கார்ந்து, அது என்ன என்று உள்ளே பார்ப்பாள். சில நாள் சந்தோஷம், சில நாள் வெட்கம், சில நாள் வெறும் களைப்பு. ஜூன் மாதம் மெர்லினை அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள். அருமனை நாத்தனார் பிள்ளைக்குப் புதுப் பை வாங்கிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டபோது, அவளை நினைத்தும் எனக்கு வருத்தமாக இருந்தது.

மருந்தெல்லாம் நின்று வெகு காலத்துக்குப் பிறகு, மறுபடி ஒருமுறை அலை பார்க்க வரச் சொல்லியிருந்தோம். அதற்குள் பேனா மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. செலின் மீன் விற்கப் போகத் தொடங்கியிருந்தாள், உடம்பு தேறியிருந்தது. தலையில் எண்ணெய் வழிந்தது. "ஒனக்குமா?" என்று திட்டிக்கொண்டே கழுவினேன். துணைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். உயரம், உறுத்துப் பார்க்கிற கண். பெயர் கேட்டேன். ரெஜினா என்றாள்.

செலின் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. மெதுவாக ரெஜினாவிடம், அந்தச் சிரிப்பைப் பற்றி அவள் சொன்னாளா என்று கேட்டேன்.

"சொன்னா" என்றாள் ரெஜினா. "சொல்லாட்டா என்ன, நான்தான் பாத்தேனே சிஸ்டர். அண்ணைக்கு எனக்க கையில ஒரு கம்பு கிடைச்சிருந்தா இவள அடிச்சுக் கொன்னிருப்பேன். உள்ளதச் சொல்லுகேன்."

"இப்பம்?"

"இப்பம் என்ன இப்பம். இவ விடியக்காலம் வெளுப்புக்கு மீன் எடுக்கப் போயிருவா. மெர்லினுக்குத் தல பின்னி, சோறு கெட்டிக் குடுத்து, பள்ளிக்கூடத்துல கொண்டு விடது நானாக்கும். இவ பின்னுனா அரைமணிக்கூர் நிக்காது."

செலின் துண்டுக்குள்ளிருந்து, "அது உள்ளது" என்றாள்.

படுக்கவைத்து விளக்கைத் தணித்தேன். சுவரில் அட்டை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. டாக்டர் வேறு அட்டை எழுதவே இல்லை. வருகிறவரைப் பார்த்து, உங்களுக்கு இதமாக இருக்கிற ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார். செலினிடமும் அதையே சொன்னேன். அவள் கண்ணை மூடினாள். திரையில் ஆல்ஃபா வந்தது. ஷைனி, இதை நீ ஆயிரம் தரம் பார்த்திருப்பாய். ஆனால் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு நேரம் விட்டுப்போகாமல் நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை.

நினைப்பை மாற்றினால் மூளை மாறுமா என்று கேட்கிறவர்களிடம், மூளையில் அலை மாறுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன் என்று சொல்லு. மனசில் உள்ளது என்ன என்று மெஷினுக்குத் தெரியாது, அதை அவரவர்தான் உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லு. நினைப்பதைத் தள்ளச் சொல்லாதே. டாக்டர் சொன்னதுபோல, ஒருவர் காகிதத்தை வைத்து எல்லோருக்கும் சட்டம் எழுதவும் வேண்டாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அன்று செலினின் பித்தான்களைக் கழற்றி, பசையைத் துடைத்துவிட்டு, "என்னத்த நினைச்சிட்டுப் படுத்திருந்த?" என்று கேட்டேன்.

செலின் எழுந்து முடியை அள்ளி முடிந்தாள். "கடக்கரையத்தான் சிஸ்டர்" என்றாள். "நானும் இவளும் மெர்லினும் இருந்து காத்து வாங்கிட்டு இருந்தோம்."